அடையாளப் பூவும் அகத்திணையும்: கனிமொழியின் ஊடக வாழ்வும் கவிதை வாசிப்பும்

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, பிரிவால் வருந்தும் அரசியின் நிலையையும், பாசறையில் துயிலாது புண்பட்ட வீரரைக் கண்டுவரும் அரசனின் நிலையையும் 188 அடிகளில் பாடுகின்றது. பாட்டினுள் அவ்வரசனின் பெயர் எங்கும் இல்லை. பொருளால் அகமாகவே நடக்கும் இப்பாட்டு, அரசனின் வேலில் கட்டப்பெற்ற வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ ஆதலின் புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. அகனைந்திணையில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்னும் தொல்காப்பிய விதியே இக்கொள்கைக்கு அடிப்படை. ஒரு பூ, ஒரு பாட்டின் திணையையே மாற்றிவிடுகின்றது.

அரசியல் தலைவர் ஒருவரின் மகளாகப் பிறந்து எழுத வருபவர்க்குத் தந்தையின் பெயர் இத்தகைய அடையாளப் பூவாக அமைந்துவிடுகின்றது. அவர் எதனை எழுதினும் அது புறமாகவே வாசிக்கப்பெறுகின்றது. மு. கருணாநிதியின் மகளும், இதழாளரும், கவிஞரும், நாடாளுமன்ற உறுப்பினருமாகிய கனிமொழியின் வாழ்வு இச்சிக்கலை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். அவருடைய ஊடக வாழ்வின் படிநிலைகளை வரையறுத்து, அவ்வாழ்வு அவர்தம் கவிதை வாசிப்பில் எவ்வாறு குறுக்கிடுகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. திருவனந்தபுரத்தில் தோன்றிய தமிழ் நாடகம் ஒன்றும், இந்நகரில் வாழ்ந்த மலையாளக் கவிஞர் ஒருவரும் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பெறுகின்றனர்.

பாரி மகளிரும் மனோன்மணியும்

ஆள்வோரின் மகள் பேசும் குரல் தமிழுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. மூவேந்தரும் பறம்பைக் கைக்கொண்டபின், சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் அருகருகே வைத்து, அன்று தந்தையும் குன்றும் உடையராயிருந்ததையும் இன்று இரண்டும் இல்லாராயினமையையும் ஐந்தே அடிகளில் கூறும் கையறுநிலை அது. இப்பாட்டினுள் பாரி என்னும் பெயரோ பறம்பு என்னும் பெயரோ இல்லை. தந்தையும் குன்றும் உறவு முறையாலேயே சுட்டப்பெறுகின்றன. பாடியவரின் பெயரோ பாட்டின் வெளியேயும் இல்லை. பாரி மகளிர் என்னும் குறிப்பே உள்ளது. அங்கவை, சங்கவை என்பன பிற்கால மரபு தந்த பெயர்கள். கபிலர் அவர்களை விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று அறிமுகம் செய்யும் பாடல்களிலும் முன்நிற்பது தந்தையின் கொடைச் சிறப்பே. பாடும் ஆற்றல் உடைய மகளிர் பாடப்பெறும் தந்தையின் பெயரால் மட்டுமே அறியப்பெற்றனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இதன் இன்னொரு வடிவத்தைத் திருவனந்தபுரத்தில் காணலாம். இந்நகரின் மகாராசா கல்லூரியில் மெய்யியல் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம், பாண்டியன் சீவகனின் மகளைத் தலைமை மாந்தராகக் கொண்டது. மனோன்மணியின் திருமணம் அரசியல் வினையாகவே நிகழ்கின்றது. சேரனுக்கு அனுப்பப்பெறும் மணத்தூது அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியால் போராக முடிகின்றது. தோல்வியுற்ற தந்தையின் நிலை கண்டு அவள் குடிலனின் மகன் பலதேவனை மணக்க இசைகின்றாள். அவளுடைய சொந்த விருப்பம் கனவில் மட்டுமே இடம்பெறுகின்றது. கனவில் கண்ட ஆடவனின் பெயரையும் நாட்டையும் அவள் அறியாள். அவளைக் கனவிற் கண்ட புருடோத்தமனும் அவ்வாறே. அகத்திற்குரிய பெயர் சுட்டாமையை ஆசிரியர் கனவிற்குள் காத்து, விழிப்புலகம் முழுமையையும் புறத்திற்கு அளித்துவிட்டார் எனலாம்.

இந்நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கப் பாடல் 1970இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடப்பெறும் வாழ்த்தாக ஏற்கப்பட்டது. அவ்வாண்டில் முதலமைச்சராக இருந்தவர் கருணாநிதி. 2021 திசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. நாடகத்தின் வாழ்த்து பொதுமேடை ஏறியது. நாடகத் தலைவியின் சிக்கலோ பாடநூல்களுக்குள் தங்கிற்று. அவ்வாழ்த்தை அரசு மேடைக்குக் கொணர்ந்த தலைவரின் மகளே பிற்காலத்தில் அச்சிக்கலின் மற்றொரு வடிவை எதிர்கொண்டார்.

முரசொலி இல்லமும் நாளிதழ் மேசையும்

கனிமொழி 1968 சனவரி 5ஆம் நாள் பிறந்தவர். அப்பொழுது அவர் தந்தை அண்ணாவின் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சர். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் முதலமைச்சரானார். ஆகவே, தந்தை ஆட்சிப் பொறுப்பில் இல்லாத காலத்தை மகளின் மழலைப் பருவம் அறிந்ததில்லை.

அவ்வில்லத்தில் அரசியலும் இதழியலும் வேறு வேறு தொழில்கள் அல்ல. கருணாநிதி 1942 ஆகத்து 10ஆம் நாள் முரசொலியைத் துண்டறிக்கையாகத் தொடங்கினார். பின்னர் அது வார இதழாகவும் நாளிதழாகவும் வளர்ந்தது. 1952இல் வெளிவந்த பராசக்தி அவருடைய உரையாடலைத் தமிழகம் முழுதும் ஒலிக்கச் செய்தது. திராவிட இயக்கத்தில் தலைவராவதற்கு எழுத்தும் பேச்சுமே வாயில்களாக இருந்தன. எழுதுபவர் தலைவரானார் என்பது முதல் தலைமுறையின் வரலாறு. தலைவரின் மக்கள் ஊடகத்துள் நுழைவது இரண்டாம் தலைமுறையின் வரலாறு. இவ்விரண்டும் வெளித்தோற்றத்தால் ஒன்றெனத் தோன்றினும் திசையால் மாறுபட்டவை.

இப்பின்னணியில் கனிமொழியின் தொடக்கம் சற்றே வேறுபட்டது. எத்திராசு மகளிர் கல்லூரியில் வணிகவியலில் முதுகலை பயின்ற அவர் இந்து ஆங்கில நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றினார். துணையாசிரியர் பணி பிறர் எழுதிய செய்தியைச் செப்பனிடுவது, சுருக்குவது, தலைப்பிடுவது. அம்மேசையில் பணிபுரிவோர் பெயர் அச்சேறுவதில்லை. கழகச் சார்பற்ற இதழ், தந்தையின் மொழியல்லாத மொழி, பெயரற்ற பணி என்னும் மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளமை கருதத்தக்கது. தந்தையின் புகழால் அவ்வாயில் எளிதாயிற்றா என்னும் வினா எழலாம். எங்ஙனமாயினும், உள்ளே செய்யப்பெற்ற பணி தந்தையின் பெயரைச் சொல்லி முடிக்கக்கூடியதன்று.

அடுத்த நிலை குங்குமம் வார இதழின் பொறுப்பாசிரியர் பணி. இது மாறன் குடும்பத்தார் நடத்திய நிறுவனத்தின் இதழ். இங்கே உறவும் பொறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. வணிக வார இதழ் ஒன்றின் வாசகர்க்கு எது வேண்டும் என்று தேரும் பணியும், உறவினர் உரிமையில் உள்ள நிறுவனத்துள் ஆசிரியத் தன்னாட்சியைப் பேணும் பணியும் இங்கு ஒருசேர எழுகின்றன.

மூன்றாவது நிலை சிங்கப்பூர்த் தமிழ் முரசு நாளிதழின் சிறப்புப் பகுதி ஆசிரியர் பணி. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935இல் நிறுவிய இவ்விதழ், மலாயாத் தமிழரிடையே சுயமரியாதைக் கருத்துகளைப் பரப்பியது. கனிமொழி சென்ற காலத்தில் அது கட்சி இதழாகவோ குடும்ப இதழாகவோ இல்லை. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட வேறொரு நாட்டில், பன்மொழிச் சூழலில் வாழும் தமிழர்க்கான நாளிதழாக இருந்தது. தமிழக எல்லையைக் கடந்த இடத்தில் தந்தையின் பெயர் அறிமுகமாகப் பயன்படும்; ஆயின் நாள்தோறும் நிரப்பவேண்டிய பக்கங்களுக்கு அது உதவாது.

இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே நோக்கின், கனிமொழியின் இதழியல் வாழ்வு முதலில் தந்தையின் களத்திலிருந்து விலகியும், பின்னர் நெருங்கியும், மீண்டும் விலகியும் இயங்கியமை புலனாகும். அரசியல் வாழ்வின் முன்னுரையாக மட்டும் அதனை எண்ணிக் கடந்துவிடுவோர் இவ்வியக்கத்தைக் காணத் தவறுகின்றனர்.

'அப்பா' என்னும் சொல்

கருவறை வாசனை, அகத்திணை, பார்வைகள், கருக்கும் மருதாணி, சிகரங்களில் உறைகிறது காலம் ஆகியன கனிமொழியின் நூல்கள். இவற்றுள் அகத்திணை என்னும் தலைப்பு, இயற்பெயர் சுட்டாத மரபொன்றைத் தன் இருப்பிடமாகத் தெரிந்துகொள்கின்றது. அவர் தந்தை தொல்காப்பியத்திற்குத் தம் நோக்கில் தொல்காப்பியப் பூங்கா எழுதியவர். மகள் அதே இலக்கணத்தின் ஓர் இயற்பெயரையே தொகுப்பிற்குச் சூட்டியுள்ளார். தந்தையின் தமிழ் மேடையை நோக்கி விரிந்து ஒலிக்கும் இயல்பினது. மகளின் கவிதைகள் சிறுமையானவை, எதுகை மோனை முழக்கத்தைத் தவிர்ப்பவை, பெரும்பாலும் வீட்டுச் சொற்களால் ஆனவை. முரசொலியில் தொண்டர்க்கு எழுதப்பெற்ற மடல்களின் நடையை இவற்றில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

அவருடைய கவிதைகளுள் மிகுதியும் எடுத்தாளப்பெறும் சிறு கவிதை ஒன்று, தந்தையின் சொற்படி நடந்துவந்த ஒருவரின் செயல்களை வரிசைப்படுத்துகின்றது. பள்ளிக்குச் செல்லுதல், தலைவாருதல், சில நட்புகளைத் தவிர்த்தல், வழிபாடு செய்தல், மணம் செய்துகொள்ளுதல் என அப்பட்டியல் நீண்டு, தன் முறை வருமெனக் காத்திருப்பதாக முடிகின்றது. ஒவ்வொரு செயலும் ஒரே தாளத்தில், ஒரே எடையில் சொல்லப்பெறுகின்றது. பல் துலக்குவதற்கும் மணம் புரிவதற்கும் இடையே குரல் உயர்வதில்லை. அந்தச் சமநிலையே கவிதையின் கூர்மை.

இதனை ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்வோர்க்கு இறுதி அடி அரசியல் வாரிசுரிமைக்கான காத்திருப்பாகத் தோன்றும். மகள் பதவிக்குக் காத்திருக்கின்றார் என்று படிப்பது எளிது. 2007க்குப் பின் அவ்வாசிப்பு இன்னும் எளிதாயிற்று. ஆயின் கவிதையின் உட்சான்று இதற்கு இடங்கொடுக்கவில்லை. பட்டியலில் வழிபாடு இடம்பெறுகின்றது. பகுத்தறிவு இயக்கத்தின் தலைவராக வாழ்ந்த கருணாநிதி பிள்ளைகளை வழிபடப் பணித்த தந்தையாகக் கொள்ளத்தக்கவர் அல்லர். ஆகவே, கவிதையின் தந்தை கோபாலபுரத்திலோ ஆலிவர் சாலையிலோ வாழ்ந்த குறிப்பிட்ட ஒருவர் அல்லர்; தமிழ்க் குடும்பங்களில் பொதுவாகக் காணப்பெறும் தந்தைமை. பேசுவோர் பெண்ணென்றோ ஆணென்றோ கவிதை அறுதியிட்டுக் கூறவில்லை. தன் முறை வருதல் என்பதும், கீழ்ப்படிந்தவரே நாளை பணிப்பவராகும் சுழற்சியைக் குறிக்கின்றது. கீழ்ப்படிதல் அடுத்த தலைமுறைமேல் ஏவப்படும் ஆணையாக மாறும் இயல்பை இது அஞ்சத்தக்க எளிமையுடன் காட்டுகின்றது. பதவிக் காத்திருப்பாகப் படிப்போர் இவ்வச்சத்தை இழந்துவிடுகின்றனர்.

இத்தவறு நிகழ்வதற்குத் தமிழ் அரசியலின் மொழியே ஒரு காரணம். தந்தை பெரியார், அண்ணா, உடன்பிறப்பு, அம்மா என உறவுப் பெயர்கள் யாவும் இங்குப் பொதுமேடைக்கு உரியன. அண்ணா தம்பிக்கு மடல் எழுதினார். கருணாநிதி உடன்பிறப்புக்கு எழுதினார். கட்சியைக் குடும்பமாக்கும் இம்மொழி மரபு மிகுந்த ஆற்றலுடையது. அதன் விலையை உண்மையான குடும்பத்தினர் செலுத்துகின்றனர். தலைவரின் மகள் 'அப்பா' என்று எழுதியவுடன் அச்சொல் வீட்டிலிருந்து மேடைக்கு இழுத்துச் செல்லப்படுகின்றது. வேறெந்தக் கவிஞர்க்கும் பொதுப்பெயராக நிற்கும் சொல் அவர்க்கு மட்டும் இயற்பெயராகிவிடுகின்றது.

நச்சினார்க்கினியரின் நெறி இங்கு வழிகாட்டுகின்றது. நெடுநல்வாடையைப் புறம் என அவர் துணிந்ததற்குக் காரணம் வேம்பு பாட்டினுள்ளேயே இருந்தமை. நூலின் புறத்தே கேட்ட செய்தியைக் கொண்டு அவர் திணை வகுக்கவில்லை. புறநானூற்றின் 112ஆம் பாட்டிலும், குன்றைக் கொண்ட முரசுடை வேந்தர் என்னும் குறிப்பு பாட்டினுள் நிற்கின்றது. ஆதலின் தந்தை யார் என வினவப் பாட்டே இடந்தருகின்றது. கனிமொழியின் கவிதையில் அத்தகைய அடையாளம் இல்லை. அட்டையில் உள்ள பெயரே அடையாளப் பூவாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அடையாளம் பாட்டினுள் உள்ளதா, அட்டையில் மட்டும் உள்ளதா என்னும் வினாவே இத்தகு கவிதைகளை வாசிப்போர் முதலில் எழுப்பவேண்டிய வினா.

சங்கமமும் தொலைக்காட்சியும்

கவிதைக்கு உரிய இந்த விலக்கு ஊடக வாழ்வின் பிற்பகுதிக்குப் பொருந்தாது. அது வெளிப்படையாகவே புறம்.

2005இல் கனிமொழி கார்த்தி சிதம்பரத்துடன் இணைந்து கருத்துரிமைக்காகக் 'கருத்து' என்னும் அமைப்பைத் தொடங்கினார். நடுவண் அமைச்சராயிருந்தவரின் மகனும் முன்னாள் முதலமைச்சரின் மகளும் சேர்ந்து கருத்துரிமை பேசியது வரவேற்கத்தக்கதே. பேச்சுரிமைக்கு மிகுதியும் ஏங்குவோர் அவ்வுரிமையைப் பிறப்பாலேயே பெற்றவரல்லர் என்னும் முரணும் அதனுள் இருந்தது.

2007இல் தமிழ் மையத்தின் செகத் கசுபார் ராசுடன் இணைந்து அவர் முன்னின்று நடத்திய சென்னை சங்கமம், அரசின் துணையுடன் நாட்டார் கலைகளைச் சென்னையின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொணர்ந்தது. கட்டணச் சீட்டும் அரங்கக் கதவும் இன்றி, பறையும் கரகமும் தெருக்கூத்தும் நகரத்தாரின் கண்முன் நின்றன. ஊடகம் என்னும் சொல்லைத் தாளுக்கும் அலைவரிசைக்கும் அப்பால் விரித்த முயற்சி இது. 2011இல் ஆட்சி மாறியபின் சங்கமம் நின்றது. 2021இல் ஆட்சி மீண்டும் மாறியபின், 2023 பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம் நம்ம ஊரு திருவிழா என்னும் பெயரில் அது மீண்டும் நடைபெற்றது. கலை விழா ஒன்று ஆட்சியோடு வந்து ஆட்சியோடு சென்று மீண்டது. இதில் ஒரு மகளின் முன்முயற்சி எவ்வளவு, தந்தையின் ஆட்சி எவ்வளவு என்று பிரித்தளக்க இயலாது. பிரித்தளக்க இயலாமையே திறனாய்வு சுட்டவேண்டிய செய்தி.

அதே 2007, தொலைக்காட்சியின் ஆண்டுமாகும். மே திங்களில் தினகரன் வெளியிட்ட கருத்துக்கணிப்பையொட்டி மதுரையில் அவ்விதழின் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர் மூவர் உயிரிழந்தனர். மாறன் குடும்பத்திற்கும் கருணாநிதி குடும்பத்திற்கும் இடையே பிளவு நேர்ந்தது. சன் தொலைக்காட்சிக்கு மாற்றாகச் செப்தம்பர் 15ஆம் நாள் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதில் கனிமொழிக்கு 20 விழுக்காட்டுப் பங்கு இருந்தது. அவ்வாண்டிலேயே அவர் மாநிலங்களவை உறுப்பினரானார்.

பெயர் அச்சேறாத துணையாசிரியர் மேசையில் தொடங்கிய வாழ்வு, தந்தையின் பட்டப்பெயரையே பெயராகக் கொண்ட நிறுவனத்தின் பங்குரிமையில் வந்து நின்றது. எழுதுபவர் உரிமையாளராக மாறும்பொழுது ஊடகத்துள் அவர் செய்யும் பணியின் தன்மையே மாறுகின்றது. அவருடைய சொல் ஆராயப்பெறுவதற்கு மாற்றாக அவருடைய பங்கு ஆராயப்பெறுகின்றது. அலைக்கற்றை ஒதுக்கீட்டு வழக்கில் கலைஞர் தொலைக்காட்சிக்கு வந்த 200 கோடி ரூபாய் முறையற்ற பயன் என்று நடுவண் புலனாய்வுத் துறை குற்றஞ்சாட்டியது. 2011 மே 20ஆம் நாள் கைதான கனிமொழி, நவம்பர் 28ஆம் நாள் பிணை பெற்றார். 2017 திசம்பர் 21ஆம் நாள் சிறப்பு நீதிமன்றம் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி அனைவரையும் விடுவித்தது. அதன்மேல் புலனாய்வுத் துறை தொடுத்த மேல்முறையீட்டைத் தில்லி உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது. வழக்கின் முடிவு நீதிமன்றத்திற்கு உரியது. இலக்கியத் திறனாய்வுக்கு உரிய செய்தி வேறு. ஆட்சிக் காலத்தில் கவிதைகளை மிகையாகப் புகழ்தலும், சிறைக் காலத்தில் அதே கவிதைகளை இகழ்தலும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் கவிதையைப் படியாமலேயே செய்யத்தக்கவை.

திருவனந்தபுரத்தில் ஓர் ஒப்பீடு

மலையாளக் கவிஞர் சுகதகுமாரி (1934–2020) திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்தவர். அவர் தந்தை போதேசுவரன் கவிஞர், விடுதலைப் போராளி, வைக்கம் அறப்போரில் பங்கேற்றவர். அவர் இயற்றிய கேரள வாழ்த்துப் பாடல் 2014இல் அம்மாநிலத்தின் பண்பாட்டுப் பாடலாக ஏற்கப்பெற்றது. தேர்தல் அரசியலில் அதிகாரம் பெற்றவர் அல்லராயினும், பொதுவாழ்வில் அறியப்பெற்ற பெயர் அவருடையது. அவருடைய மகள் 1957இல் வார இதழொன்றில் வெளியிட்ட முதற்கவிதைக்குத் தம் பெயரை இடவில்லை, புனைபெயரையே இட்டார். கவிதை கவனம் பெற்றது. பெயர் பின்னரே வெளிப்பட்டது. இராத்திரிமழை தொகுப்பிற்கு 1978இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபொழுது அவர் தம் பெயராலேயே அறியப்பெற்றவராக இருந்தார்.

சுகதகுமாரிக்கும் ஊடக வாழ்வு உண்டு. கேரள மாநிலச் சிறுவர் இலக்கிய நிறுவனம் வெளியிட்ட தளிர் என்னும் சிறுவர் இதழின் முதல் தலைமை ஆசிரியர் அவர். அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் இயக்கத்தில் அவருடைய கவிதையும் களப்பணியும் பிரிக்கவொண்ணாதனவாயின. 1996இல் கேரள மகளிர் ஆணையத்தின் முதல் தலைவரானார். அவரும் புறத்தில் வாழ்ந்தவரே. ஆயின் அவருடைய புறம் அவரே தெரிந்துகொண்ட பொருளால் அமைந்தது. காடு என்றவுடன் மலையாள வாசகர்க்குச் சுகதகுமாரி நினைவுக்கு வருவார். போதேசுவரன் நினைவுக்கு வருதல் அரிது.

இவ்வேறுபாட்டை இரு கவிஞரின் ஆற்றல் வேறுபாடாகக் கொள்ளுதல் பொருந்தாது. தந்தையரின் அதிகார அளவும், இரு நிலங்களின் ஊடக உரிமை முறையும் வேறு வேறு. கட்சித் தலைவரின் குடும்பமே இதழையும் அலைவரிசையையும் உடைமையாகக் கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் அமைந்த அளவிற்குக் கேரளத்தில் அமையவில்லை. அங்குக் கட்சி இதழ்களும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் அமைப்பின் பெயரால் இயங்குவன. புனைபெயருக்குள் சென்று திரும்பும் வாய்ப்புச் சுகதகுமாரிக்கு இருந்தது. கனிமொழிக்கு அவ்வாய்ப்பு நாளிதழின் துணையாசிரியர் மேசையில் மட்டுமே கிடைத்தது எனல் தகும்.

மகளிர் மூவரும் இரு தேர்தல்களும்

2019 மக்களவைத் தேர்தலில் தூத்துக்குடித் தொகுதியில் கனிமொழியை எதிர்த்து நின்றவர் தமிழிசை சௌந்தரராசன். அவர், நாடாளுமன்றத்தில் தமிழுக்காக வாதாடிய காங்கிரசுத் தலைவர் குமரி அனந்தனின் மகள். தந்தையின் கட்சியில் சேராது பாரதிய சனதா கட்சியில் வளர்ந்தவர். கனிமொழி 3,47,000 வாக்குகளுக்கு மேற்பட்ட வேறுபாட்டில் வென்றார். 2024இல் தமிழிசை தென்சென்னையில் போட்டியிட்டுத் தமிழச்சி தங்கபாண்டியனிடம் தோற்றார். தமிழச்சி முன்னாள் அமைச்சர் வே. தங்கபாண்டியனின் மகள், ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், வனப்பேச்சி முதலிய தொகுப்புகளின் ஆசிரியர்.

இவ்விரு போட்டிகளும் மூன்று வழிகளைக் காட்டுகின்றன. தமிழிசை தந்தையின் கொள்கையை விடுத்தும் தந்தையின் மேடைத்தமிழைக் கைவிடவில்லை. தமிழச்சி தந்தையின் பெயரைத் தம் பெயரோடு இணைத்தே எழுதினார். கவிதையில் மல்லாங்கிணற்றின் கரிசல் மண்ணைப் பாடுபொருளாக்கினார். கனிமொழி கட்சியை ஏற்றார். தந்தையின் நடையை ஏற்கவில்லை. எது தந்தையிடமிருந்து வந்தது என்னும் வினாவிற்கு மூவர்க்கும் மூன்று விடைகள் உள. கட்சி, பெயர், மொழிநடை, வாய்ப்பு ஆகிய நான்கும் தனித்தனியே கைமாறக்கூடியவை. வாரிசு என்னும் ஒற்றைச்சொல் இந்நான்கையும் ஒன்றாகக் கட்டிவிடுகின்றது. ஆய்வாளர் அக்கட்டை அவிழ்க்கக் கடமைப்பட்டவர்.

முடிவுரை

கனிமொழியின் ஊடக வாழ்வு பெயரற்ற மேசைப்பணி, குடும்ப இதழின் ஆசிரியப் பொறுப்பு, அயல்நாட்டு நாளிதழ்ப் பணி, அரசு துணையுடன் கூடிய விழா, தொலைக்காட்சிப் பங்குரிமை என ஐந்து நிலைகளை உடையது. இவற்றுள் இரண்டாம், நான்காம், ஐந்தாம் நிலைகளில் தந்தையின் பெயரை விலக்கிப் பேசுதல் இயலாது. அங்கு உரிமையும் அதிகாரமும் வினவப்பெறவேண்டும். கவிஞர் என்னும் மதிப்பு அவ்வினாவிற்குத் திரையாதல் கூடாது. கவிதைகளிலோ தந்தையின் பெயரைப் பாட்டிற்கு வெளியிலிருந்து கொணர்ந்து பொருத்துதல் பொருந்தாது. அங்குப் பாட்டினுள் நிற்கும் சொல்லே சான்று.

இந்நெறி கனிமொழிக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் பெண் கவிஞர் பலரின் எழுத்துகள் தந்தை, கணவர், ஆசிரியர் என்னும் ஆடவர் ஒருவரின் வரலாறாகவே வாசிக்கப்பட்டுவருகின்றன. அவர்களுள் பெரும்பாலோர்க்கு அதிகாரமுடைய தந்தையர் இல்லை. ஆதலின் அவ்வாசிப்பினால் விளையும் இழப்பு வெளியே தெரிவதில்லை. கனிமொழியின் நிலை அவ்விழப்பைப் பெரிதாக்கிக் காட்டும் ஆடியாக உதவுகின்றது. பாரி மகளிரின் ஐந்தடிப் பாட்டைத் தந்தவர் இருவரா பலரா, அவர்தம் பெயர் யாவை என்று பாட்டைக் கொண்டு இன்று அறிய வழியில்லை. பாடியவரின் பெயரைப் பேணாத ஒரு மரபு, இன்று பெயரோடு எழுதுபவரையேனும் அவர்தம் சொல்லைக் கொண்டு படித்தல் வேண்டும்.